பொது யாருக்குப் பொது? கடற்கரை வண்டிகளும் எங்கள் ஊர்த் தெருவும்

கடற்கரை மணலில் வண்டி ஓட்டலாமா, கூடாதா? திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றிப் பேசுவதே முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் பக்கம் போனாலும் நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் கடலைப் பார்க்க முடியும்.

நண்பர் ஒருவரின் அயர்ன் கடை மாடியில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறவர்கள் நாங்கள். டைலர்கள், செக்கிங் வேலை பார்க்கிறவர்கள், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், இரண்டு மூன்று கல்லூரி மாணவர்கள். அன்றைக்கு ஒரு மாணவர் கடற்கரையில் ஜீப் ஓட்டுவது பற்றிய இரண்டு கட்டுரைகளைப் படித்துக் காட்டினார். ஒன்று ஓட்டுகிறவர் எழுதியது. கடற்கரை பொதுச்சொத்து, நாங்களும் வரி கட்டுகிறோம், எங்களை எப்படித் தடுக்கலாம் என்பது அவர் வாதம். மற்றது இயற்கை ஆர்வலர் எழுதியது. கடற்கரை பொதுச்சொத்து, அதனாலேயே அங்கே யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்பது இவர் வாதம். மாடியில் இருந்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பேச்சு சூடாகத்தான் போனது.

நான் பேசவில்லை. இரண்டு பேரும் 'பொது' என்ற ஒரே சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தீர்க்காமல் எந்தக் கட்சியிலும் போய் உட்கார முடியாது. அந்தக் கணக்குத்தான் இந்தக் கட்டுரை.

1

எங்க அப்பன் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். பிறகு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். போன வருஷமே பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். எங்கள் வளவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த் தெரு ஒன்றுதான் வழி. இன்னொரு வழியாக இட்டேரி ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஆடு மாடும் ஆளும் போகிற தடம். மழை பெய்தால் அதில் சைக்கிள் போகாது, சேறு. அதனால் ஊர்த் தெருதான்.

அந்தத் தெரு பஞ்சாயத்து போட்டது. அரசாங்கப் பணம். கணக்குப்படி பொதுவழி. ஆனால் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் அப்பன் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். கடைசி வீடு தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். தாண்டியதும் ஏறிக்கொள்வார். நான் பின்னாலேயே நடந்து போவேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், என் காலுக்கு இருநூற்றுச் சொச்சம் அடி. இறங்கு என்று யாரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரும் சொல்லாமலே இறங்குவதுதான் அந்தத் தெருவின் சட்டம். திண்ணையில் பண்ணாடி உட்கார்ந்திருந்தாலும் சரி, திண்ணை காலியாக இருந்தாலும் சரி.

"ஏம்ப்பா, சைக்கிளு ஓட்டறதுக்குத்தான வாங்குனோம்?" என்று கேட்டேன்.

"தள்ளறதுக்கும் சேத்துத்தான்டா வாங்குனது" என்றார்.

இது ஒரு காட்சி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அது எனக்குப் பெருமை தருகிற காட்சி இல்லை.

நான் கம்பெனிக்குப் போன பிறகு ஒரு வருஷம் எல்லோரும் சேர்ந்து ராமேஸ்வரம் டூர் போனோம். அப்போது தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் வேன் ஓட்டிக் கூட்டிப்போவார்கள். அரிச்சல்முனை வரைக்கும் சாலை வந்தது 2017இல். நாங்கள் போனது அதற்கு முன்னால். வேன் குதித்துக் குதித்துப் போனது. எல்லோரும் கூச்சல் போட்டோம், நானும் போட்டேன். அப்படி ஒரு சந்தோஷம். எந்தத் தெருவிலும் இறங்காமல், எவன் மூஞ்சியையும் பார்க்காமல், இஷ்டத்துக்குப் போகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிற சந்தோஷம்.

வழியில் ஓலைக் குடிசைகள். மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் வலை விரித்திருந்தது. வேன் வருவதைப் பார்த்ததும் ஒரு அம்மா ஓடி வந்து வலையை இழுத்து ஓரம் போட்டார். வேன் போனது. கருவாட்டு நாத்தம் என்று எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். வேஸ்ட் துணிக் கர்சீப்பால் நானும் பொத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா வலையை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வேன் வந்தால் மறுபடி இழுக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. எங்க அப்பன் சைக்கிளிலிருந்து இறங்கும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வாரோ அப்படித்தான் அந்த அம்மாவும் வைத்திருந்தார்.

நாத்தம் என்று மூக்கைப் பொத்தியவன் யார்? எங்க அப்பாரு கவலை ஏற்றத்துக்குத் தோல் தைத்தவர். தோல் நாத்தம் என்று எங்கள் வளவைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

2

அந்த இரண்டு கட்டுரைகளுக்கு வருவோம்.

இயற்கை ஆர்வலர் சொல்கிற விஷயங்களில் பொய் இல்லை. பங்குனி ஆமை ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுப் போய்விடும். மேலே பார்த்தால் வெறும் மணல். வண்டி ஏறினால் மணல் இறுகும், முட்டை நசுங்கும். ஐம்பது நாள் போலக் கழித்துக் குஞ்சு வெளியே வந்தால் சக்கரத் தடம் அதற்குப் பெரிய பள்ளம். அதில் விழுந்து கடலுக்குப் போக வழி தெரியாமல் அலையும், காக்கையும் நாயும் தின்னும். வண்டி விளக்கைப் பார்த்துக் கடலென்று நினைத்து ரோட்டுப் பக்கம் போகிற குஞ்சும் உண்டு. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அந்த வேலையை நான் மதிக்கிறேன். மணல் மேடும் அதில் படர்ந்திருக்கிற அடும்பங்கொடியும் போய்விட்டால் கரை அரிக்கும், புயல் நேரத்தில் அலை உள்ளே வரும். அதுவும் உண்மைதான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஆமை இருக்கிறது, நண்டு இருக்கிறது, கொடி இருக்கிறது, வலை இழுத்த அம்மா இல்லை. ஓட்டுகிறவர் கட்டுரையிலும் இல்லை. ஒருவருக்குக் கடற்கரை ஆளில்லாத மைதானம், இன்னொருவருக்கு ஆளில்லாத இயற்கை. சண்டை போடுகிற இரண்டு பேரும் ஆள் இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

இது இன்றைக்கு வந்த பார்வை இல்லை. நம் பழைய இலக்கியத்தில் நெய்தல் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது அங்கேயே தொடங்கிவிட்டது. தலைவன் தேரில்தான் வருவான். ஐங்குறுநூற்றின் 101ஆம் பாட்டில் அவன் தேர் அடும்பங்கொடியை அறுத்துக்கொண்டு, நெய்தல் பூவைச் சிதைத்துக்கொண்டு வருகிறது. மகளின் நோய்க்கு மருந்து வந்துவிட்டது, பார் என்று தோழி தாய்க்குக் காட்டுகிறாள். நற்றிணையின் 11ஆம் பாட்டில் தேரோட்டி சக்கரத்தில் நண்டு அகப்படாதபடி பார்த்துக் கடிவாளத்தைப் பிடிக்கிறான். ஒரு பாட்டில் கொடி அறுகிறது, ஒரு பாட்டில் நண்டு பிழைக்கிறது. மேலே சொன்ன இரண்டு கட்டுரைகளும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன என்று எனக்குத் தோன்றியது. தமிழ் வாத்தியார்கள் இதைத் தலைவனின் காதல் வேகம் என்றும், தலைவனின் அருள் உள்ளம் என்றும் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தேர் யாருடையது, மணல் யாருடையது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை.

கேட்ட பாட்டு ஒன்று இருக்கிறது. நற்றிணை 45. தேரில் வந்து நிற்கிறவனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடலில் போய் மீன் பிடிக்கிற பரதவர் மகள். நீயோ கொடி பறக்கிற கடைத்தெருவுள்ள மூதூரில், வேகத் தேர் வைத்திருக்கிற செல்வனின் மகன். நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்களுக்கு அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது? எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில். கடல் தருவதைக் கொண்டு வாழ்கிற எங்கள் வாழ்க்கை சின்னதுதான், உன்னுடையதைப் போல இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிலும் பெருமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இதுதான் பாட்டின் சாரம்.

இதற்குத் துறை வகுத்தவர்கள், தோழி தலைவனைச் சேட்படுத்தியது என்றார்கள். அதாவது சும்மா தள்ளி வைக்கிறாள், அவன் ஆசையைச் சோதிக்கிறாள், பிறகு சம்மதித்துவிடுவாள் என்பது பொருள். நான் அப்படிப் படிக்கத் தயாரில்லை. தள்ளி நில் என்று அவள் சொன்னால், தள்ளி நில் என்றுதான் பொருள். நாத்தம் என்று மற்றவன் சொல்வதற்கு முன்னால் தானே அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறாளே, அந்தப் பேச்சை நான் எங்கள் வளவில் கேட்டிருக்கிறேன். "ஆமாஞ் சாமி, நாங்க நாறுவோமுங்க, நீங்க அக்கட்டால நில்லுங்க" என்று எங்க அம்மாயி ஒருத்தரிடம் சொன்னபோது அது பணிவு என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டு போனார். அது பணிவு இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். துறை வகுத்தவர்களும் அந்த ஆளைப் போலத்தான் ஏமாந்துபோனார்கள்.

ஒரு பிரதியை யாருடைய இடத்திலிருந்து படிக்கிறோம் என்பதுதான் விமரிசனம். தேர் மேலிருந்து படித்தால் அது காதல் பாட்டு. காயப்போட்ட மீன் பக்கத்திலிருந்து படித்தால் அது நில உரிமைப் பாட்டு.

3

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். மெரினா என்று அந்தக் கரைக்குப் பேர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப், 1884இல் உலாவுகிற பாதை அமைத்தபோது. அவர் பேர் வைப்பதற்கு முன்னாலேயே அங்கே குப்பங்கள் இருந்தன. 1985இல் கரையை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போனார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. உலாவுகிறவர் கண்ணுக்குக் கட்டுமரம் அசிங்கமாகத் தெரிந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் கரை ஓரமாகவே ஒரு சாலை போகிறது. லூப் ரோடு என்பார்கள். நொச்சிக்குப்பத்து வாசலிலேயே கார்கள் பறக்கும். சாந்தோம் நெடுஞ்சாலை நெரிசலுக்கு அது வடிகால். 2023 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்தது. லூப் ரோட்டு ஓரத்து மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஆக்கிரமிப்பு என்பது விஷயம். மாநகராட்சி கடைகளை எடுக்கப் போனது. மீனவர்கள் ரோட்டை மறித்தார்கள். ரோட்டை நாங்கள் ஆக்கிரமிக்கவில்லை, ரோடுதான் எங்கள் கரையை ஆக்கிரமித்தது என்று சொன்னார்கள். 2024 ஆகஸ்ட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். பிரச்சினை முடிந்ததாகக் கணக்கு. ஆனால் அந்தச் சொல் முடியவில்லை. வலை உலர்த்துகிற இடம் ஆக்கிரமிப்பு, கார் ஓடுகிற இடம் பொது. இந்தப் பட்டியலை யார் எழுதினார்கள்?

சட்டம் இதைப் பற்றி நல்ல நல்ல வார்த்தைகள் சொல்லியிருக்கிறது. 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அலை ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாடு வைத்தது. 1996இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடற்கரையும் ஓடுகிற தண்ணீரும் காற்றும் காடும் மக்களுடையவை, அரசு அவற்றுக்கு அறங்காவலர் மட்டுமே என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அறங்காவலர் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கோயில் வாசல்தான் ஞாபகம் வரும். காவல் இருக்கிறவர் யாரை உள்ளே விடுகிறார் என்பதை வைத்துத்தான் நாங்கள் காவலைப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

புறம்போக்கு என்ற சொல்லையும் கவனியுங்கள். வருவாய்த்துறைக் கணக்கில் அது வரி போடாத பொது நிலம். மந்தைவெளி, ஏரிக்கரை, ஆற்றங்கரை, மயானம், கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். தெருச் சண்டையில் அதுவே வசவு. பொது நிலத்தை நம்பி வாழ்கிற ஆளைத் திட்டுவதற்கு அந்த நிலத்தின் பேரையே வைத்திருக்கிற மொழி நம்முடையது. பொது என்று மேடையில் பேசும்போது இருக்கிற மரியாதை புறம்போக்கு என்று பட்டாவில் எழுதும்போது எங்கே போகிறது?

4

இனி எங்கள் மாவட்டம். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகா ராஜாவூரில் சுமார் அறுபது பேர் ஒரு தெருவில் நடந்தார்கள். தெருவின் பேர் கம்பளநாயக்கன் தெரு. நீளம் சுமார் 300 மீட்டர். செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள், அதுதான் செய்தி. அதுவரைக்கும் தலித்துகள் அங்கே செருப்போடு நடக்க முடியாது, சைக்கிளும் ஓட்ட முடியாது. தெருவுக்கு அடியில் மந்திரித்த பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு நடந்தால் மூன்று மாதத்தில் சாவு என்று பயமுறுத்தி வைத்திருந்ததாக அங்கிருந்தவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் கூட நின்றார்கள். நடந்தார்கள், முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்ட மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். பம்பாய் சட்ட மன்றம் அதே மாதிரி 1923இல் தீர்மானம் போட்டது. அது ஏட்டில் இருந்ததால்தான் 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்துக் குடிக்க வேண்டியிருந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதியது. அதற்கப்புறமும் ஒரு 300 மீட்டர் தெருவில் செருப்போடு நடக்க 2023 வரைக்கும் ஆனது. பொது என்று எழுதிவிட்டால் பொது ஆகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. ராஜாவூர்த் தெருவில் சைக்கிள் ஓட்டுவது விடுதலை. எங்க அப்பன் இறங்காமல் ஓட்டியிருந்தால் அது கலகம். தனுஷ்கோடி மணலில் நான் கூச்சல் போட்டுக்கொண்டு போனது என்ன? அதே சக்கரம்தான். அங்கே அது ஆதிக்கம். வண்டி நல்லதா கெட்டதா என்று கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. வண்டி வரும்போது யார் ஓரம் போக வேண்டியிருக்கிறது என்று கேட்டால் கிடைக்கும்.

2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை ஒன்று திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அலைக்குப் பக்கத்தில் போனார்கள். பல வருஷம் சென்னையிலேயே இருந்தும் கடல் தண்ணீரைத் தொடாதவர்கள் தொட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். அதுவும் கடற்கரையில் ஓடிய சக்கரம்தான். அந்தச் சக்கரத்துக்காக யாரும் வலையை இழுத்து ஓரம் போட வேண்டியிருக்கவில்லை. படகை மேலே இழுக்கிற டிராக்டரும் சக்கரம்தான். விடியற்காலையில் மீன் கூடையோடு போகிற மொபெட்டும் சக்கரம்தான். 'கடற்கரையில் வண்டியே கூடாது' என்று ஒரே வரியில் சட்டம் போட்டால் ஜீப்புக்காரர் அபராதம் கட்டிவிட்டுப் போவார், மொபெட்காரர்தான் ஸ்டேஷனில் நிற்பார். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அபராதம் என்பது பணக்காரனுக்கு டிக்கெட், ஏழைக்குத் தண்டனை.

5

தென்னாப்பிரிக்காவில் இந்த இரண்டு கதையும் ஒரே கரையில் நடந்தது. 1953இல் நிறவெறி அரசு தனித்தனி வசதிச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல மணல் எல்லாம் வெள்ளையருக்கு, பாறையும் சுழலும் உள்ள இடம் கறுப்பருக்கு. 1989இல் கறுப்பு மக்கள் வெள்ளையர் கடற்கரைகளுக்குள் கூட்டமாகப் போனார்கள், போலீஸ் நாயை விட்டது. பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அந்த வருஷக் கடைசியில் கரைகள் திறக்கப்பட்டன, 1990இல் சட்டம் நீக்கப்பட்டது.

ஜனநாயக அரசு வந்த பிறகு 2001 டிசம்பரில் விதிகள் எழுதி, 2002 ஜனவரியிலிருந்து கடற்கரையில் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுவதைத் தடை செய்தார்கள். படகு இறக்குவதற்குக் குறிப்பிட்ட இடங்களில் அனுமதி, மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதி என்று பிரித்து எழுதினார்கள். ஜீப் வைத்திருந்தவர்களும் தூண்டில்காரர்களும் எங்கள் உரிமை போயிற்று என்று கத்தினார்கள். அந்தக் கரையில் கால் வைப்பதே குற்றமாக இருந்தவர்களுக்கு இந்தக் கூச்சல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் கால்களுக்குத் திறந்தார்கள், பிறகு சக்கரங்களுக்கு மூடினார்கள். இந்த வரிசை முக்கியம். நம் நாட்டில் கால்களுக்குத் திறக்காமலே சக்கரத்தைப் பற்றி விவாதிக்கிறோம்.

6

கூட்டத்தில் ஒரு தோழர், "நமக்கெதுக்குங்க கடலு, நம்ம நொய்யலப் பேசலாமுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கரை என்றால் நொய்யல் கரைதான். எங்கள் ஆற்றில் யாரும் ஜீப் ஓட்டவில்லை, சாயத்தை ஓட்டினார்கள். ஆறு பொது என்று சொல்லித்தான் ஓட்டினார்கள். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீர் நிற்பதற்குப் பதிலாகச் சாயத் தண்ணீர் நின்றது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றவில்லை என்பதால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம்.

அந்த வழக்கு நியாயமான வழக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போதும் இரண்டே கட்சிதான். ஒரு பக்கம் பட்டறை முதலாளி, மறு பக்கம் நிலம் வைத்திருந்த விவசாயி. தொட்டியில் கையை விட்டுக் கை வெந்தவன், பட்டறை மூடியதும் வாரச் சம்பளம் நின்றவன், நிலம் இல்லாததால் நஷ்டஈட்டுப் பட்டியலில் வராத கூலிக்காரன், ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டு அந்த நாத்தத்திலேயே பிள்ளை வளர்த்தவள், இவர்களுக்கு எந்தப் பெஞ்சில் நாற்காலி போட்டார்கள்? இவர்களில் எத்தனை பேர் எங்கள் ஆட்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுப்ரபாரதிமணியன் 1998இலேயே 'சாயத்திரை' என்று நாவல் எழுதி இந்த ஊரின் சாயத்தை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். ஆற்றைப் பற்றி நிறைய வந்துவிட்டது. தொட்டிக்குள் நின்றவன் தன் கையால் எழுதியது இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கடற்கரை மீனவருடையது என்று சொல்லிவிட்டால் முடிந்ததா என்றும் ஒரு மாணவர் கேட்டார். முடியவில்லை. 2004 சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பகுதியில் நிவாரண முகாம்களில் தலித்துகளைச் சேர்க்காமல் விலக்கியதை அந்த நாட்களிலேயே பத்திரிகைகளும் மனித உரிமை அமைப்புகளும் எழுதின. கழிமுகத்தில் கையால் மீனும் இறாலும் பிடித்த தலித்துகள் மீனவர் கணக்கில் வரவில்லை. குப்பத்துக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு, அதற்கு அந்தப் பக்கமும் ஒரு வளவு உண்டு. கார்க்காரனிடம் தள்ளி நில் என்று சொல்கிற உரிமை மீனவருக்கு இருக்கிறது. அந்தச் சொல்லையே கழிமுகத்துக்காரனிடமும் சொன்னால் அதை நாம் ஏற்க முடியாது. மேலே பார்த்து எதிர்ப்பதும் கீழே பார்த்து விலக்குவதும் ஒன்றாகாது. நம் ஆட்கள் உள்பட எல்லோருக்கும் இது பொருந்தும். நான் மூக்கைப் பொத்தியதை அதற்காகத்தான் எழுதினேன்.

ஆகவே விளையாட்டுக்கும் வீம்புக்கும் மணலில் வண்டி ஓட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆமைக்காக மட்டும் இல்லை, வலைக்காகவும். ஆனால் அந்த விதியைக் கரையில் வேலை செய்கிறவர்களை உட்காரவைத்து எழுத வேண்டும். மீனவர் பஞ்சாயத்தோடு கருவாடு காயவைக்கிற பெண்களும் வர வேண்டும், கழிமுகத்துத் தலித்துகளும் வர வேண்டும். சக்கர நாற்காலிக்கும் டிராக்டருக்கும் மீன் மொபெட்டுக்கும் இடம் விட்டு எழுத வேண்டும். இவர்கள் இல்லாமல் எழுதுகிற எந்த விதியும் முதலில் இவர்கள் மேல்தான் பாயும். 1985இல் அழகு என்ற பேரில் பாய்ந்தது. 2023இல் போக்குவரத்து என்ற பேரில். நாளைக்கு ஆமை பேரில் பாயக் கூடாது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எல்லாம் சொல்வதாக இருக்கிறேன். நற்றிணைப் பாட்டையும் எடுத்துப்போகிறேன்.

எங்க அப்பனுக்கு இப்போது வயசாகிவிட்டது. சைக்கிள் போய் மொபெட் வந்துவிட்டது. தெருவிலும் இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் நாங்களும் விடப்போவதில்லை. போன வாரம் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். பிள்ளையார் கோயில் திருப்பம் வந்ததும் வண்டி தானாக மெதுவானது, அவர் ஒரு காலைக் கீழே ஊன்றினார்.

"ஏம்ப்பா நிறுத்தற?" என்றேன்.

"நிறுத்தலடா, பழக்கம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆக்ஸிலேட்டரைத் திருகினார்.